பறவைத் திட்டும் டிக்கெட் வாங்காத காக்கைகளும்

பறவைகளைக் காட்டிச் சம்பளம் வாங்குகிற தொழிலுக்கு நல்ல கண் வேண்டும், நிறையப் பொறுமை வேண்டும், வாய் மட்டும் கூடவே கூடாது. என்னிடம் இருந்தது அந்த வாய் ஒன்றுதான். வாயால் வேலை கிடைத்து, அதே வாயால் வேலை போக இருந்த சகோதரிகள் யாராவது இருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

தகுதி

மாமல்லபுரம் கடற்கரையில் ஓர் ஓட்டல். அங்கே தங்கும் வெளிநாட்டுக்காரர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்ன லாஞ்சில் ஏற்றி, கழிமுகத்தின் நடுவே உள்ள பறவைத் திட்டைக் காட்டுவார்கள். அது சரணாலயம், கால் வைக்கக் கூடாது. தண்ணீரிலேயே சுற்றி வரலாம். கூடப் போய் விளக்கம் சொல்ல இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் பிரம்பால் ஊட்டிய என் இங்கிலீஷோ, செங்கல்பட்டில் பால்கணக்குப் போட்டுத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

சம்பளத்துக்காகப் போனேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு என்றால் ஊருக்கெல்லாம் விடுமுறை, என் அடுப்புக்கு மட்டும் இரட்டை வேலை. பிள்ளைகளுக்குப் பூரி, இவருக்கு வத்தக்குழம்பு, இவருடைய சீட்டாட்ட நண்பர்களுக்கு பஜ்ஜி. வாரத்தில் ஒருநாள் அந்தச் சமையலறையிலிருந்து தப்பிக்க ஆப்பிரிக்கக் காட்டுக்குக்கூடப் போயிருப்பேன்.

மேனேஜர் நீச்சல் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். பறவைகளைப் பற்றி? நாங்கள் சைவம் என்றேன். அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "பங்குனி வரைக்கும் பார்க்கலாம் மேடம். சரிப்பட்டா அடுத்த சீசனும் நீங்கதான். இங்கிலீஷ் இருக்கில்ல, மத்ததெல்லாம் தண்ணியில போகப் போக வரும்."

முதல் சொற்பொழிவு

முதல் ஞாயிறு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. கழுத்தில் ஆளுக்கொரு பைனாகுலர். பல்லவர் வரலாற்றில் ஆரம்பித்து, உப்பு எப்படி விளைகிறது என்பதுவரை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். லாஞ்சின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று, மாடியிலிருந்து தெருவில் போகிற கீரைக்காரியைக் கூப்பிடுகிற குரலில் எடுத்துவிட்டேன். திட்டை நெருங்கியதும் லாஞ்சு ஓட்டுகிற எட்டியப்பன் இஞ்சினை நிறுத்தினான். நான் நிறுத்தவில்லை. நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் மொத்தமாக எழும்பி, வானத்தில் ஒரு வட்டம் போட்டு, கோவளம் பக்கமாகப் போயே போய்விட்டன.

அந்த அம்மாள் பைனாகுலரை மெதுவாக இறக்கினாள். "பறந்தது ரொம்ப அழகு. உட்கார்ந்திருப்பதையும் ஒருநாள் பார்க்க ஆசை" என்றாள்.

கைப்பழக்கம்

வாயை ஒருவழியாகக் கட்டினேன். கை காட்டிக்கொடுத்துவிட்டது.

மத்தியானம் லாஞ்சிலேயே எல்லாருக்கும் சாப்பாடு. பொட்டலத்தைப் பிரித்ததும், கல்யாணமான நாளிலிருந்து செய்கிறபடி, முதல் பிடி சோற்றை லாஞ்சுக் கூரையில் வைத்து "கா, கா" என்றேன். காக்கைக்கு வைக்காமல் வாயில் வைக்க எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கரையிலிருந்து ஒன்று வந்தது. அடுத்த வாரம் ஒரு குடும்பம் வந்தது. அதற்கடுத்த வாரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே படகுத்துறையில் கூட்டம் காத்திருந்தது. புடவையை மாற்றிப் பார்த்தேன். முகத்தை மாற்ற முடியவில்லை. சோறு வைப்பதை நிறுத்தினேன். அவை வருவதை நிறுத்தவில்லை. லாஞ்சோடு திட்டுவரை பறந்து வந்து, நாரைக் கூடுகளில் முட்டை தேட ஆரம்பித்தன.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். முட்டை போகிறது என்று வனத்துறை காதில் விழுந்தால் லாஞ்சு நின்றுவிடும், அப்புறம் நான் அடுப்படிக்கு, எட்டியப்பன் பழையபடி வலைக்கு என்றார். வெளியே வந்து எட்டியப்பனிடம் புலம்பினேன். அவன் படகுத்துறையில் உட்கார்ந்திருந்த காக்கைகளை ஒரு பார்வை பார்த்தான்.

"இன்னாம்மா பண்றது? நம்ம லாஞ்சுல டிக்கெட் வாங்காத பாசெஞ்சருதான் ஜாஸ்தியா கீது."

மாமனார் தயவு

லாஞ்சு திட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பும்வரை காக்கைகளைக் கரையிலேயே பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். என் கணவரைக் கேட்டேன். சீட்டாட்டத்தை விட்டுவிட்டுக் காக்கை மேய்க்க வரமுடியாது என்றார். வந்திருப்பது மறைந்த என் மாமனாராகவும் இருக்கலாம், பெரியவர் பசியோடு போய் நாரை முட்டை தின்று பாவம் சேர்ப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை என்றேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"உன் புருஷனா வரல. எங்கப்பாவுக்குப் பிள்ளையா வரேன்."

கரையில் ஒரு சமையல்

விடியற்காலையில் வடித்த சோறு, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் குலுங்கி வந்து சேர்வதற்குள் விறைத்துவிடுகிறது. அப்பாவுக்கு ஆறிய சோறா என்று இவருக்கு வருத்தம். எட்டியப்பனின் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கடன் வாங்கி, துறையிலேயே உட்கார்ந்து வடிக்க ஆரம்பித்தார். இருபது வருஷத்தில் வெந்நீர்கூடப் போட்டறியாத மனிதர். காக்கைகள் அவரை விட்டு ஓர் அடி நகரவில்லை. திட்டில் நாரைகள் நிம்மதியாக அடைகாத்தன. நானும் வாயைத் திறக்காமல் விரலால் மட்டும் காட்டினேன். வீட்டில் பிள்ளைகள் ரொட்டி தின்று உயிரோடு இருந்தார்கள்.

ஒருநாள் அவர் வடித்ததை ருசி பார்த்து, குழைந்துவிட்டது என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாப்பிடறவங்க யாரும் ஒண்ணும் சொல்லலியே."

தீர்ப்பு

பங்குனி கடைசி ஞாயிறு. மேனேஜர் முடிவு சொல்கிற நாள். திட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், அன்றைக்கென்று நாரைகள் ஒன்றுகூட எழும்பாமல் என் மானத்தைக் காப்பாற்றியிருந்தன. துறையில் பார்த்தால் வேறொரு பயணிகள் கூட்டம், கையில் காமிராவோடு. நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் கணவர், சுற்றிலும் காக்கைகள். குருக்கள் கையால் பொங்கல் தின்ன வரும் கழுகைப் பார்க்க, காலையில் திருக்கழுக்குன்றத்தில் மலையேறிய கூட்டமாம் அது.

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். "அடுத்த சீசனும் நீங்கதான் மேடம். சாரை மறக்காம கூட்டிட்டு வாங்க. மலையில இன்னிக்குக் கழுகு வரலையாம், எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தாங்க. சாரைக் காட்டிச் சமாளிச்சேன்."

ஆக, கன்னியாஸ்திரிகள் அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்த இங்கிலீஷால் வாங்கிய வேலையை, அதில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலும் என் புருஷனைச் சமைக்க விட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.