தீம் பார்க்குக்குப் பதில் ஒரு கூடை சூடை

விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, தீம் பார்க் போகலாம் என்றாள். ராட்டினத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்; வேண்டாம் என்றேன். அதிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை.

இன்று காலை, தயக்கத்துடன்தான், அவளைக் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு அழைத்துப் போனேன்.

ஏலம் விடும் அம்மா ஒரு கூடை சூடை மீனுக்கு விலையைக் கூவக் கூவ, விளையாட்டென்று நினைத்துப் பேத்தியும் அடுத்த எண்ணைக் கூவினாள். நான் தடுப்பதற்குள் ஏலம் அவள் பேரில் முடிந்துவிட்டது.

"குழந்தை, தெரியாமல்..." என்று இழுத்தேன்.

"இன்னா பெருசு, ஏலம் கேட்டுட்டு நைசா நழுவுறியா? பாப்பா கெலிச்சிட்சி, எடுத்துக்கினு போ!" என்றார் ஏலக்கார அம்மா.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"தாத்தா, நாளைக்கும் வரலாமா?" என்றாள் பேத்தி.

சரி என்று சொல்லிவிட்டேன். ராயபுரத்து நண்பர்களே, சூடை மீன் யாருக்கெல்லாம் வேண்டும்? கூச்சப்படாமல் கீழே சொல்லுங்கள்.