தண்ணீர் ஊற்றாத தோட்டம்

நேற்று மாலை பக்கத்து வீட்டுச் செல்லம்மை இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். "ஒரு கற்றாழ மடல் வேணும் டீச்சர். இவ பால் குடிய நிறுத்த மாட்டேங்கா." பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. மடலை அடியோடு அறுத்துச் சாய்த்துப் பிடித்தேன். மஞ்சள் பால் சொட்டியது. செல்லம்மை அதை விரலில் தொட்டு மார்பில் பூசிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பிள்ளை வாய் வைத்தது. முகம் சுருங்கியது. துப்பியது. தாயை ஓங்கி ஒரு அடி அடித்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வாய் வைத்தது.

"இதுக்க அகங்காரத்தப் பாத்தியளா!" என்றாள் செல்லம்மை. எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது.

கற்றாழைப் பாலின் வாசனை உங்களுக்குப் பழக்கமோ என்னவோ. வெங்காயத்தை ஈரமண்ணில் நாலு நாள் புதைத்து எடுத்ததுபோல இருக்கும். சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. இன்று காலை தோசையும் கசந்தது. யாரும் அதை நல்ல வாசனை என்று சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். அந்த வாசனை இல்லையென்றால் செல்லம்மை என்னை டீச்சர் என்று கூப்பிட்டிருக்கமாட்டாள்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் எனக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயமாகத் தெரிந்திருந்தன: நான் புத்திசாலி, மற்றவர்கள் அப்படி இல்லை. இரண்டாவதை இப்போது கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இறந்ததும் அவருடைய வீடும் வயலும் அவருடைய அக்காள் தங்கை பிள்ளைகளான மருமக்களுக்குப் போயின. எங்கள் வழக்கம் அப்படி. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். மாமா கெட்டவர் இல்லை. சோற்றுக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் பூனைகூட அவர் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே வரும். பிறகு ஊரில் குடும்பங்கள் பாகம் பிரிகிற காலம் வந்தது. எங்கள் வீட்டிலும் பிரித்தார்கள். மாமா நாலு பெரியவர்களை உட்கார வைத்து, பாகப் பத்திரத்தைப் பலகையில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஓடக்கரையில நல்ல பூமி ஒனக்கு."

யாரும் கேட்காமலே நான் பத்திரத்தை எடுத்து உரக்க வாசித்தேன். ஓடைக்கரை அதில் எங்குமே இல்லை. பொற்றையை ஒட்டிய மேட்டு நிலம் என்று இருந்தது. பொற்றை என்றால் சரளையும் பாறையுமாகக் கிடக்கும் சிறு குன்று. அங்கே வாய்க்கால் ஏறாது.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "ஏட்டி, ஒன்னட்ட யாரு வாசிக்கச் சொன்னா? பள்ளியோடத்துக்கு விட்ட பலன் பாத்தேளா பெரியவரே, நாக்கு நாலு முழம்! நாளையிலேருந்து இவ போகாண்டாம்."

"அந்த மேட்டுல நான் ஒரு பயிர் வச்சுக் காட்டுனா விடுவியளா மாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "பொத்தையில ஒரு செடி ஒரு வருசம் உசிரோட நிக்கட்டு. நான் விடுகேன். எனக்க வாக்கு."

என் படிப்பு அந்த மேட்டில் போய் நின்றது இப்படித்தான். கூடப் படித்த பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். நான் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனேன்.

கற்றாழையைத் தேர்ந்தெடுத்தது என் புத்திசாலித்தனம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்புறம் அது காடாகக் கிடக்கும். அந்த வழியாகப் போன வண்டிக்காரர் ஒருவர் அரைச் சாக்குக் கன்று கொண்டுவந்து போட்டார். நாற்பது இருக்கும். குழி தோண்டி, சாணம் போட்டு, நாஞ்சில் நாட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த அடுத்த வேலையைச் செய்தேன். சுற்றிலும் வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

எங்கள் ஊரில் அன்பு என்றாலும் தண்ணீர், மரியாதை என்றாலும் தண்ணீர். யார் வயலுக்கு முதலில் மடை திறக்கிறது என்பதை வைத்தே ஆளின் பெருமையைச் சொல்லிவிடுவார்கள். நான் காலையில் இரண்டு குடம் சுமந்தேன். எனக்குத் தெரியாமல் அம்மா சாயந்திரம் இரண்டு குடம் சுமந்தாள். ஒரு மாதத்தில் மடல்கள் மஞ்சளாகி, கண்ணாடிபோல ஊறி, பிடித்து இழுத்தால் குருத்தோடு கையில் வந்தன. வேர் இருந்த இடத்தில் அழுகல். ஈ மொய்த்தது.

மாமா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் கல்யாணத்துக்குப் பாக்கலாம்" என்றார். அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் அழுதிருக்கமாட்டேன். பரிவாகச் சொன்னார்.

வீட்டுக்குள் நுழையும்போது தலையில் ஏதோ உரசியது. கண்ணேறு படாமல் இருக்க வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை. போன ஆடியில் கட்டியது. பதினொரு மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு பிடி மண் இல்லை. வேர் ஆகாயத்தைப் பார்த்து நின்றது. ஆனால் நடுவிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புதுக்குருத்து வெளியே வந்து, வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளைந்திருந்தது.

தினமும் இரண்டு வேளை அதற்குக் கீழேதான் போய் வந்துகொண்டிருந்தேன், புத்திசாலி!

மறுநாள் எல்லாவற்றையும் பிடுங்கினேன். அழுகாமல் மிஞ்சியது பதினொன்று. அழுகலை அறுத்துவிட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்தேன். சாணத்தை அள்ளி வெளியே போட்டேன். சரளையோடு ஆற்று மணலும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கலந்து, குருத்துக்குள் மண் விழாமல் மேலாக நட்டேன். பிறகு மண்வெட்டியை எடுத்து, நானே கட்டிய வரப்பை நாலு இடத்தில் வெட்டிவிட்டேன், மழைத் தண்ணீர் நிற்காமல் சரிவில் ஓடட்டும் என்று.

ஊர் கொதித்ததே அதற்குத்தான். "வரப்ப வெட்டி வெள்ளத்த வெளிய விடுகாளே, இவளுக்குக் கிறுக்கு புடிச்சிற்றா?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார்கள். களத்துக்குப் போகிற பெண்கள் நின்று, "ஒரு குடம் ஊத்துட்டி, பாவம் கிடைக்கும்" என்றார்கள். அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. "வாயில்லாச் சீவன் மக்கா, தாகத்துல நிக்கத பாக்க முடியல்ல" என்று கண் கலங்குவாள். குடத்தை ஒளித்துவைத்தேன். செடிக்குத் தண்ணீர் போகாமல் காவல் நின்ற ஒரே ஆள் நாஞ்சில் நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வருஷம் பின்மழை பொய்த்தது. குளம் வெடித்தது. இரண்டாம் போகமான கும்பப்பூப் பயிர் பாலேறுகிற சமயத்தில் கருகியது. மாமா வயலில் வைக்கோல்கூடத் தேறவில்லை. என் செடிகளும் ஒன்றும் கொழிக்கவில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும், இல்லையா? மடல்கள் சுருங்கிச் செம்மண் நிறமாகி, கையை மூடிக்கொண்டதுபோல உள்ளே குவிந்து நின்றன. ஆனாலும் நின்றன. மாசியில் மூன்று செடி பூத்தண்டு விட்டது. அடியில் பக்கக்கன்றுகள் முளைத்தன. வெந்த கைக்கும் தலைமுடிக்கும் மடல் கேட்டு, பாவம் கிடைக்கும் என்று சொன்ன பெண்களே வந்தார்கள். கொடுத்தேன். முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

வருஷம் முடிந்த அன்று மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவும் பின்னால் வந்தாள்.

மாமா பூத்தண்டைக் கம்பால் தட்டினார். "இது ஒரு பயிரா? ஆடுகூட மோந்து பாக்காத சவம்."

"நிக்குதா இல்லியா மாமா?"

"நிக்கி. நின்னா நிக்கட்டு. பெரியவளாகப் போற பிள்ளைக்குப் பள்ளியோடமாம் பள்ளியோடம்! நான் அண்ணைக்குச் சும்மா சொன்னேன்."

என் நாலு முழ நாக்கு எங்கே போனதோ. அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள். அண்ணன் எதிரில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அண்ணே, ஓடக்கரைன்னு சொன்னிய, பொத்தையத் தந்திய. நான் வாய் தொறக்கல்ல. அது மண்ணு. இது பிள்ள. இதுலயும் சொல்லு மாறாண்டாம்."

மாமா காய்ந்த வயல் பக்கம் திரும்பினார். "ஒனக்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்புறம் இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை.

பள்ளி திறந்த அன்று விடியற்காலையிலேயே அம்மாவே என்னைக் கூட்டிப்போனாள். இரண்டு மைல் வரப்பு. மடை பார்க்க வந்தவர் கேட்டார், "பொம்பிளப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க இம்புட்டு வெள்ளன?" அம்மா, "சும்மா, பள்ளியோடத்துக்கு" என்று தலையைக் குனிந்தாள். புல்லறுத்தவள் கேட்டாள். "படிக்கதுக்கு" என்றாள் அம்மா, தலை குனியாமல். வண்டிப்பாதையில் ஒரு கிழவர், "படிச்சு என்னத்துக்கு?" என்றார். "ஒங்க பத்திரத்த ஒங்களுக்கு வாசிச்சுக் காட்டதுக்கு" என்றாள். அடுத்து வந்தவர் கேட்பதற்கு முன்பே, "ஆமா, பள்ளியோடத்துக்குத்தான், வழிய விடும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பொற்றை இப்போது இல்லை. உடைத்து ரோட்டுக்குச் சரளை போட்டுவிட்டார்கள். என் பதினொன்றும் அவற்றின் கன்றுகளும் கல்லோடு போயின. அம்மாவின் அந்த நிலத்தின் மேல் இன்று வில்வண்டிகள் ஓடுகின்றன. மாமாவும் போய்ச் சேர்ந்தார். எதற்கும் நான் உட்கார்ந்து அழவில்லை.

காலையில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற அதே வரப்பில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் சிலேட்டோடு போகிறார்கள். மடை பார்க்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியே ஊரைவிட்டுப் போய்விட்டது. சில நாள் வேண்டுமென்றே மெதுவாக நடந்து பார்க்கிறேன். அம்மா சொன்னதைவிடக் காரமாக ஒரு பதில் எத்தனையோ வருஷமாக வாயில் தயாராக இருக்கிறது. கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை.