அவள் கைக்கு எட்டாத சுரம்

என் மனைவியின் கை சிறியது. எவ்வளவு விரித்தாலும் பியானோவில் எட்டுக் கட்டைகளுக்கு மேல் பிடிக்காது. அவள் மிகவும் விரும்பி வாசித்த மெதுவான துண்டு ஒன்றில், முடிவுக்குச் சற்று முன், சிறு மௌனத்தைத் தொடர்ந்து ஓரிடம் வரும். அங்கே இடக்கை பத்துக் கட்டை அகலத்தில் மூன்று சுரங்களையும், வலக்கை உச்சியில் ஒரு சுரத்தையும் ஒருசேர ஒலிக்க வேண்டும். அவளால் இயலாது. அடிச்சுரத்தில் தொடங்கி, நடுச்சுரத்தைத் தொட்டு, கையை நகர்த்தி மூன்றாவதை எட்டுவாள். இறுதியில் வலக்கை வந்து சேரும்.

பக்கம் திருப்புவதற்காக அருகில் நிற்கும் என்னிடம், "இது ஒண்ணா விழணுங்க. எனக்கு எட்டல. நீங்க மனசுக்குள்ள சேர்த்துக்குங்க" என்பாள்.

நான் தலையசைப்பேன். ஒருமுறையும் சேர்த்துக் கேட்டதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அவை எழுவதே எனக்கு அந்த இசையாக இருந்தது.

அவள் இறந்து ஓராண்டு நிறையவிருந்தபோது, நினைவுத் திருப்பலியில் அந்தத் துண்டு ஒலிக்க வேண்டும் என்று விரும்பினேன். தருமபுரத்து வீட்டுக் கூடத்தில் பியானோ இருந்தது. ஆனால் கடற்காற்றில் ஊறிய கட்டைகளில் பாதி, அழுத்தினால் எழவில்லை. அதைத் தினமும் வாசித்துப் பழக்கத்தில் வைத்திருந்தவள் அவள்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது. சுரத்தாளைப் படிக்கத் தெரியும். பக்கம் திருப்பியே கற்றுக்கொண்டது.

எங்கள் ஊரில் கோயில் திருவிழாத் தேருக்கும் அடக்க ஊர்வலத்துக்கும் வாசிக்கும் பேண்டு ஒன்று உண்டு. அதிலிருந்து நால்வரைக் கேட்டேன். நத்தை ஓட்டைப்போலச் சுருண்ட பித்தளைக் குழலான பிரெஞ்சு ஹார்னை வாசிக்கும் முதியவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இரண்டாம் கிளாரினெட், மாஸ்டருக்கு அடுத்து மூத்தவர், கீழவாஞ்சூரில் புதிதாக வந்திருந்த துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்குச் சீட்டு எழுதுபவர். முதல் கிளாரினெட், மாஸ்டரின் தங்கை மகன், தையல் கடைக்காரர். புல்லாங்குழல், நெடுங்காட்டுப் பள்ளி ஆசிரியை. நால்வரில் வயதில் இளையவர்.

இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பியானோவின் சுரம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது என்பதையும், குழலின் சுரம் மூச்சு உள்ளவரை வளர முடியும் என்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஆயினும் அந்தத் துண்டை நான்கு வாத்தியங்களுக்குப் பிரித்து எழுத அமர்ந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. அவள் காலால் மிதியை அழுத்தித் தேக்கி வைத்த ஒலிகளை இனி யாரோ ஒருவர் தம் நெஞ்சிலிருந்து தர வேண்டும். ஹார்ன் மூச்செடுக்கும்போது அச்சுரத்தை இரண்டாம் கிளாரினெட் வாங்கிக்கொள்ளும்படியும், அது ஓயும்போது ஹார்ன் திரும்ப ஏற்கும்படியும் எழுதினேன். ஹார்னுக்கும் கிளாரினெட்டுக்கும் ஒலிக்க வேண்டிய சுரம் ஒன்று, தாளில் எழுத வேண்டிய சுரம் வேறு. அந்த மாற்றத்தைப் போடுகையில், அவளுடைய பத்து விரல்கள் இத்தனை வேலையையும் பேச்சின்றி, முகம் சுளிக்காமல் செய்துவந்தன என்பதை எண்ணிப் பலமுறை பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடம் வந்தபோது தயங்கவில்லை. அச்சிட்ட தாளில் உள்ளபடியே, நான்கு சுரங்களையும் ஒரே நேர்கோட்டில் வைத்தேன். அடிச்சுரம் ஹார்னுக்கு, அடுத்த இரண்டும் கிளாரினெட்டுகளுக்கு, உச்சி புல்லாங்குழலுக்கு. ஒரு கையால் எட்டாததை நான்கு பேர் எட்டட்டும். அவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

ஒரு ஞாயிறு பிற்பகல், எங்கள் கூடத்தில், மூடிய பியானோவை ஒட்டி நாற்காலிகளைப் போட்டு அமர்ந்தார்கள். மாஸ்டரின் தலையசைப்பில் தொடங்கினார்கள். துண்டு மெல்ல நகர்ந்தது. மௌனம் வந்தது. பிறகு ஹார்ன் ஒலித்தது, அதன்மேல் இரண்டாம் கிளாரினெட், அதன்மேல் முதலாவது, எல்லாவற்றுக்கும் மேலே புல்லாங்குழல்.

அவளுடைய கை. அதே வரிசை, அதே இடைவெளி. நான் பியானோவைத் திரும்பிப் பார்த்தேன். மூடி மூடியபடியே இருந்தது.

முதல் கிளாரினெட்காரர்தான் நிறுத்தினார். "தாள்ல ஒண்ணாத்தானே இருக்கு. பிரிஞ்சு போச்சு சார்."

"ஏன் பிரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எங்க பழக்கம் சார் அது. டிரம் இருந்தா டிரம்மோட விழுவோம். சாவு வீட்டுலேருந்து பெட்டியத் தூக்கறப்ப டிரம் இல்லாம ஒரு நீட்டு ஊதுவோம் பாருங்க, அதுக்கு மாஸ்டர்தான் முதல்ல. அப்புறம் வயசுப்படி. பந்தியில பெரியவர் இலையில கை வைக்காம நாம வைக்கலாமா?"

"ஆமா, பந்தின்னா மட்டும் நீ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கப் போற" என்றார் மாஸ்டர். ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பிறகு மாஸ்டர் என்னிடம் திரும்பினார். "அந்த இடத்துல மட்டும் நீங்க கை காட்டுங்க சார். இங்க பெரியவர் நீங்கதான். நீங்க தொடங்காம நாங்க ஊதுனா முறையில்ல."

கை காட்டினேன். நான்கும் ஒன்றாக விழுந்தன. கூடத்தின் கண்ணாடி அலமாரி மெல்ல அதிர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் செவி அதற்கு முந்தையதிலேயே தங்கிவிட்டது. அவர்கள் காப்பி குடித்துப் போனபின் ஒரு முடிவுக்கு வந்தேன்: திருப்பலியன்று கையை உயர்த்துவதில்லை. உயர்த்தாவிட்டால் பழைய வழக்கப்படி வரிசையாக எழுவார்கள். இன்னொரு முறை அவள் வாசித்துக் கேட்பேன். இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணமும் சொல்ல நேர்ந்திருக்கும்.

திருப்பலியில் நற்கருணை முடிந்ததும் வாசித்தார்கள். அவர்களுக்கருகே, பக்கச் சுவரோரம் நின்றேன். மின்விசிறிகளின் ஓசைக்கு நடுவே அந்த இசை கூரைவரை ஏறியது. மௌனம் வந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எவரும் ஊதவில்லை.

ஹார்ன் உதட்டில் இருந்தது. மாஸ்டரின் கண்கள் என்மேல் இருந்தன. மற்ற மூவரின் கண்களும். நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி நிறுத்திக்கொண்டு நால்வரும் காத்திருந்தார்கள். தங்கள் எல்லோருக்கும் மூத்தவனாக என்னை அமர்த்திவிட்டார்கள் என்பதும், அந்த வரிசையில் முதல் இடம் இப்போது என்னுடையது என்பதும் அப்போதுதான் எனக்கு எட்டின. இசையில் அதுவரை ஒரு பொறுப்பும் எனக்கு இருந்ததில்லை. பக்கம் திருப்பியதைத் தவிர. மௌனம் நீண்டது. அவள் கை அந்த இடத்தில் எடுத்துக்கொண்ட தயக்கத்தைவிட நீண்டது. முன்வரிசையில் யாரோ தலையைத் திருப்பினார்கள். ஆசிரியையின் தோள் மூச்சைத் தாங்கி லேசாக நடுங்கியது.

கையை உயர்த்திக் கீழே இறக்கினேன்.

நான்கு சுரங்களும் ஒருசேர எழுந்தன. பியானோவைப்போல எழுந்த கணமே தேயவில்லை, வளர்ந்தன. பீடத்துக்கும் கதவுக்கும் இடையே காற்று முழுவதும் ஒரே பொருளாயிற்று. கூடத்தில் கேட்டபோது எனக்கு விளங்காதது இதுதான்: இதை அவள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும், எட்டாத கையோடு, இந்த முழுமையைக் கேட்டபடியேதான் ஒவ்வொன்றாகத் தொட்டிருக்கிறாள். சேர்த்துக்கொள்ளச் சொன்னது இதை.

சுரம் ஓய்ந்த பிறகும் என் கை இறக்கிய இடத்திலேயே இருந்தது. நான் எடுத்துக்கொள்ளும்வரை அவர்கள் வாத்தியங்களைத் தாழ்த்தவில்லை.