மர்ஜரி ஃபிஸ்க்கின் மெத்தை

மெத்தையைக் கல்தூணில் ஓங்கி அடித்து, மூலையைப் பிடித்து உதறி, உள்ளேயிருக்கும் வாத்திறகெல்லாம் சமமாகப் பரவிவிட்டதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் மர்ஜரி ஃபிஸ்க் அதைக் கதவுக்காரன் ஆபெல் ராஃபிடம் கொடுப்பாள். வெஸ்ட்மின்ஸ்டரில், பார்லிமெண்டின் காமன்ஸ் சபை முன்கூடத்தில், காலைப் பிரார்த்தனைக்கு முன்னால், தினமும் இது நடக்கும். ஆபெல் அதை உள்ளே கொண்டுபோய், குளிர்காற்று படாத மூலை பெஞ்சில் போட்டுவிட்டு வருவான். சர் ஜெர்வாஸ் கால்தோர்ப்பின் இடம் அது. பிரார்த்தனைக்கு முன் தொப்பியோ மெத்தையோ விழுந்த இடத்தில் வேறு எந்த உறுப்பினரும் உட்காரமாட்டார்.

"உங்க தொரைக்குச் சிம்மாசனம் போட்டாச்சுக்கா" என்பான் ஆபெல், கையைத் தட்டிக்கொண்டே.

"போடு, போடு. பலகை குத்துது குத்துதுன்னு, நான் வந்த நாள்லேருந்து பொலம்பல். உக்கார்ற எடம் நோவாம இருந்தாத்தானே மனுசனுக்கு அடுத்தவன் நோவு ஞாபகத்துக்கு வரும்?"

மெத்தையைத் தைத்தவள் அவள்தான். துணி, கிழிந்துபோன பாய்மரத் துண்டு. இறகு, ஊரிலிருந்து மூட்டையில் வந்தது.

அகலமான உடம்பு. புருஷனின் கடல் பூட்ஸைத்தான் போட்டுக்கொள்வாள். நடந்தால் முன்கூடமே அதிரும். இடுப்பில் கம்பளி நூலுருண்டை, கையில் ஊசிகள். நின்றாலும் நடந்தாலும் யாரையாவது திட்டினாலும் காலுறை ஒன்று விரலடியில் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்கூடத்தில் மனுதாரர்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "உக்காந்தாக் கண்ணு சொருவும். கண்ணு சொருவினா தொரைங்க நழுவிருவாங்க" என்பாள். பகல் சாப்பாடும் நின்றபடிதான்: ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டி, மேலே உப்பிட்ட ஹெர்ரிங் மீன். அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் கனவானின் மேலங்கி நுனி எப்படியோ அவள் கைக்குள் வந்துவிடும்.

"எசமான், ஹோல்சி மசோதா. அலைச்சுவரு."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

"பாக்கறதுக்கு ஊரு இருக்கணுமே எசமான்."

ஹோல்சி கிழக்குக் கரையில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் கடல் அங்கே தேவாலயத் தெருவை முழுசாகத் தின்றது. கல்லறைகள் பிளந்து, மர்ஜரியின் மாமியார் சவப்பெட்டியோடு மணலுக்கு வந்துவிட்டாள். இரண்டாம் முறை புதைக்க வேண்டியிருந்தது. ஊருக்கு நடுவில் இருந்த மர்ஜரியின் வீடு இப்போது கடைசி வீடு. சமையலறைச் சன்னலைத் திறந்தால் அலை தெறிக்கிறது. ஆண்கள் மீன்பிடிக்கப் போய்விட்ட பருவத்தில், எந்தப் பிரபுவைக் கண்டாலும் நாக்குக் குழறாதவள் என்று ஊரார் இவளை லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அவர்கள் கேட்டது தானமல்ல. தங்கள் துறையில் நங்கூரமிடும் படகுகளிடம் ஒரு சிறு சுங்கம் வாங்கி, அதில் சுவர் கட்டிக்கொள்ள அனுமதி. "உங்க பையில கைய விடலே எசமான். எங்க பையில நாங்களே கைய விட்டுக்க உத்தரவு கேக்கறோம்" என்று அவள் சொல்லாத ஆள் அந்தப் படிக்கட்டில் ஏறியதில்லை. மசோதாவைச் சபையில் எடுத்துப் பேச ஒப்புக்கொண்டவர் சர் ஜெர்வாஸ்.

மசோதா கடைசி வாக்குக்கு வந்த நாளில் மழை கொட்டியது. சபை நிரம்பி வழிந்தது; மசோதாவுக்காக அல்ல. பிற்பகலில் ஒரு பிரபுவின் மேல் ராஜதுரோகக் குற்றச்சாட்டு படிக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக் கேட்க, வருஷக்கணக்கில் தலைகாட்டாத உறுப்பினர்கள்கூட வந்திருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் நின்றபடி, எந்தப் பெஞ்சு காலியாகும் என்று கழுகுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா நடக்குது உள்ள?" என்று கதவிடுக்கில் கேட்டாள் மர்ஜரி.

"ஒரு தொரை பேசறப்ப இன்னொரு தொரை சிரிச்சுட்டாராம்க்கா. சிரிச்சாரா இருமினாரான்னு விசாரணை."

"இன்னுமா?"

"இருமல்னு ஒரு கட்சி, சிரிப்புன்னு ஒரு கட்சி. முடியல."

"அதுவரைக்கும் அலையைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லி ஒரு ஆளு அனுப்புடா."

ஒருவழியாக ஹோல்சியின் முறை வந்தது. சர் ஜெர்வாஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினார். வெண்கலக் குரல் அவருக்கு. திறந்த சவப்பெட்டிகளைச் சொன்னார், கூரையில் ஏறி உட்கார்ந்து விடியும்வரை அழுத பிள்ளைகளைச் சொன்னார். உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மர்ஜரியின் ஊசிகள் நின்றன. "பேசினாருடா மனுசன்" என்றாள் ஆபெலிடம். "மெத்தை வீண்போவல."

பிறகு சபாநாயகர் மசோதாவை வாக்குக்கு விட்டார். ஆமாம் என்றும் இல்லை என்றும் கூச்சல் சமமாக இருந்ததால், தலையெண்ணச் சொன்னார்.

அந்தச் சபையின் தலையெண்ணிக்கை விசித்திரமானது. புதிதாக ஒன்று வேண்டும் என்பவர்கள் எழுந்து முன்கூடத்துக்கு வரவேண்டும். இருப்பதே போதும் என்பவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றவர்கள். காது மந்தமான கிழவர் வேண்டாம் என்கிறார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பவர் வேண்டாம் என்கிறார். தூங்குகிறவரின் குறட்டையும் வேண்டாம் என்றே கணக்கு. இந்த நாட்டில் ஓர் ஊரைக் கடலில் தள்ள யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எழுந்திருக்காமல் இருந்தால் போதும். இன்னொரு சங்கதியும் உண்டு. காலையில் போட்ட மெத்தைக்கு இருக்கும் மரியாதை தலையெண்ணிக்கையில் கிடையாது. எழுந்து வெளியே போனவரின் இடத்தில் நிற்கிறவர் உட்காரலாம்.

எண்ணும்போது முன்கூடத்தில் அந்நியர் இருக்கக்கூடாது. மர்ஜரியைப் படிக்கட்டில் இறக்கிவிட்டார்கள். கீழேயிருந்து பார்த்தால் கால்கள் மட்டும்தான் தெரியும். அதனாலென்ன? சர் ஜெர்வாஸின் காலணிக்குச் சிவப்புக் குதி, லண்டனுக்கே தெரியும். மேலே கால்கள் வரத் தொடங்கின. சேறு படிந்த பூட்ஸ்கள், வெள்ளிக் கொக்கிகள், ஊன்றுகோலோடு ஒரு வீங்கிய கால். வாதநோய்க்காரர்கூட எழுந்து வந்துவிட்டார்! மர்ஜரி எம்பி எம்பிப் பார்த்தாள். கறுப்புக் குதிகள், பழுப்புக் குதிகள். பிறகு கதவு சாத்தப்பட்டது.

வெகுநேரம் கழித்து ஆபெல் இறங்கிவந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போச்சுக்கா. ஒத்தை ஆளுல போச்சு."

"அவரு காலைக் காணோமே?"

"அவரு எந்திரிக்கலேக்கா."

"ஒடம்புக்கு என்னடா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துலயே ஒருத்தர் எடத்துக்காக நின்னுக்கிட்டிருந்தாரு. இவரு மெத்தை ரெண்டு பக்கத்தையும் கையால புடிச்சுக்கிட்டு, கூரையையே பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு."

சாயங்காலம் சபை கலைந்ததும் சர் ஜெர்வாஸ் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கப் பார்த்தார். மேலங்கி நுனி பின்னால் இழுபட்டது.

"மர்ஜரி! வருத்தமான காரியம். அடுத்த கூட்டத்தொடரில் கட்டாயம் பார்த்துக்கலாம்."

"அதுக்கு முன்னால குளிர்காலம் வந்துருமே எசமான்."

"ஒத்தை ஆளுல போகும்னு யாரு கண்டா? நான் பேசினதைக் கேட்டியா இல்லியா? என் மனசு பூரா உன் பக்கம்தான்."

"மனசு இருந்துச்சு எசமான். மத்தது எந்திரிக்கலியே."

படிக்கட்டில் நின்ற எழுத்தர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சர் ஜெர்வாஸ் சிவந்துபோனார்.

"சபை வழக்கம் உனக்குப் புரியாது. எழுந்தா எடம் போயிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கூட்டத்துல நசுங்கிக்கிட்டு நிக்கணும். என் வயசுக்கு?"

"எடமா?" என்றாள் மர்ஜரி. மெதுவாகத்தான் சொன்னாள். "எங்களுக்கும் எடந்தான் எசமான் போவுது. நின்னுக்கறதுக்கும் தரை இருக்காது."

அவள் கை மேலங்கியை விட்டுவிட்டது. அவர் மழையில் படகுத்துறையை நோக்கி ஓடினார். இராத்திரி பத்திரமாக வைத்திருக்க ஆபெல் வழக்கம்போல் மெத்தையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். இன்னும் சூடாக இருந்தது.

அவள் ஊருக்குப் போயிருப்பாள் என்றுதான் ஆபெல் நினைத்தான். மறுநாள் காலையில் கல்தூணில் மெத்தை விழும் சத்தம் கேட்டது. ராஜதுரோக விசாரணை தொடரப்போகிற நாள்; முன்கூடத்தில் நேற்றைவிடக் கூட்டம். சர் ஜெர்வாஸே சீக்கிரம் வந்து, கழுத்தை நீட்டி, உள்ளே பெஞ்சுகள் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மர்ஜரி மெத்தையை அடித்தாள். மூலையைப் பிடித்து உதறினாள். உள்ளங்கையால் நிதானமாக அழுத்திப் பார்த்தாள்.

"சீக்கிரம், சீக்கிரம். பிரார்த்தனை ஆரம்பிச்சுடும்" என்று அவரே கையை நீட்டினார்.

மர்ஜரி அந்தக் கையைத் தாண்டிப் போய், சபைக் கதவின் வாசலோரம், எல்லோரும் மிதித்துப்போகும் கல்தரையில் மெத்தையைப் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தாள். கடல் பூட்ஸ் கால்களை வழிக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து நூலை உருவி, காலுறையை விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள்.