டிரையர் அடுப்பில் காய்ந்த கம்பளிகள்

ரெண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்குக் கோத்தகிரியில் எனக்குச் சொந்தமாகக் கடைகள் இருக்கின்றன, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. ஆனாலும் நான் பீற்றிக்கொள்வது கடைகளைப் பற்றி அல்ல. ஒரு எஸ்டேட்டின் சொறியையே விரட்டியவன் நான். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

அப்போது டீ ஃபேக்டரியில், தேயிலையைக் காய வைக்கிற டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை எனக்கு. கூலிக்காரர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் சொறி புகுந்துவிட்டது. விரல் இடுக்கு, இடுப்பு, அக்குள் என்று லைனே சொறிந்தது. குளிருக்கு ஒரே கம்பளிக்குள் நாலு பேர் படுப்போம். ஒருத்தர் உடம்பில் ஏறினால் மற்ற மூணு பேரையும் விசாரிக்காமல் விடாது.

அந்த நேரம் பார்த்து அரவேணுவில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா மளிகைக் கடைக்காரர். சேதி காதில் விழுந்ததும் நேரே வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, சொறி புடிச்ச லைனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் தூங்க முடியுங்களா? மொதல்ல அது போகட்டுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. பெண்ணோ, சந்தையில் பார்த்த நாளிலிருந்து என் கண்ணை விட்டு நகரவில்லை.

கம்பவுண்டர் பால் போல ஒரு மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூச வேண்டும், அரிப்பு இல்லாதவரும் பூச வேண்டும், எல்லா வீட்டிலும் ஒரே நாளில் பூச வேண்டும், கம்பளியை வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும் என்று தொண்டை வற்றச் சொல்வார். அந்தக் குளிரில் சட்டையைக் கழற்ற யாருக்கு மனசு வரும்? விரலில் மட்டும் தொட்டு வைத்துக்கொண்டார்கள். கம்பளியை நனைத்தாலோ, அந்த மூடுபனியில் லேசில் காயாது. ராத்திரிக்கு எதைப் போர்த்துவது?

விறகு தள்ளும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எஸ்டேட்டிலேயே சட்டையில்லாமல் வேர்த்துக்கொண்டு நிற்கிற ஒரே ஆள் நான்! எஸ்டேட் மேனேஜர் துரையிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி சும்மாதானே கிடக்கிறது, அடுப்பை மூட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தேயிலையில் கம்பளி வாடை அடித்தால் உன் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

காலையில் பெண்கள் அடுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசினார்கள், பிறகு நாங்கள். சொறிந்த புண்ணில் மருந்து பட்டு எரிய, ஆம்பளைகள் குதித்த குதி இருக்கிறதே, திருவிழாவில்கூட அப்படி ஓர் ஆட்டம் நான் பார்த்ததில்லை. வெளியே அண்டாக்களில் கம்பளி வெந்தது. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிக் காயப்போட்டேன். இருட்டுவதற்குள் அத்தனையும் மொறுமொறு. அடுத்த ஞாயிறும் அதே கூத்து. அப்புறம் வீடு வீடாக அரிப்பு அடங்கியது.

மழை விட்ட ஒரு நாள் பெண்ணின் அப்பா வந்தார். லைன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தைகூடச் சொறியவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. திடீரென்று அவரே குனிந்து, வேட்டியை விலக்கி, கெண்டைக்காலை வறட் வறட்டென்று சொறிந்தார். தேயிலைக்குள் நடந்து வரும்போது அட்டை கடித்திருக்கிறது. லைனே சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

"மாமா, உங்களுக்கும் ஞாயித்துக்கிழம அடுப்பு மூட்டட்டுங்களா?" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மூட்டுங்க மாப்பிளே. கல்யாணச் சோறு ஆக்கோணுமுல்ல?"