அரைமணி போட்ட மதிப்பெண்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'அரைமணி' என்று பெயர். மறதி நோய் வந்தவர்களின் வீடுகளுக்குப் போய், பகல் பராமரிப்பு மையத்தில் இடம் தரலாமா என்று பார்த்து மதிப்பெண் போடும் சமூகப் பணியாளர். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு மதிப்பெண். பத்து மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே போய் நிற்பார். ஆள் வருகிறார்கள் என்றால் வீட்டையும் நோயாளியையும் பூசி மெழுகி வைப்பது குடும்பங்களின் வியாதி. மெழுகினால் இடம் போய்விடும்.

அன்று கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அந்த வீட்டம்மாள் அரைமணியையே மிஞ்சியவர். ஒன்பதரைக்குள் கணவருக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையும் மாட்டிவிட்டிருந்தார். இடம் வேண்டும்தான். ஆனாலும் அவரை அலங்கோலமாகக் காட்ட மனம் வரவில்லை.

கணவர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். கேட்டதற்கெல்லாம் வெளுத்துக் கட்டினார். வருடம் மட்டும் தெரியவில்லை. "அதெல்லாம் காலண்டர் பாத்துக்கும்" என்று சிரித்தார். மதிப்பெண் பத்தொன்பது. இருபத்தைந்து வேண்டும்.

"எப்பவும் இப்படி இல்லீங்க," என்றார் அம்மாள். "அடுத்த மாசம் எனக்கு முட்டி ஆபரேஷன். ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு. ராத்திரி பொண்ணு வந்து பாத்துப்பா. பகல்ல யாரு?"

அரைமணி படிவத்தை மூடினார். "கதவச் சாத்திக்கிட்டு கடைசியா எப்பம்மா குளிச்சீங்க?"

அம்மாள் யோசித்தார். "கோடைக்கு முன்னாடி. சாத்தினா தெருவுல இறங்கிடுவாரு."

"நான் இருக்கேன். நிதானமா குளிச்சிட்டு வாங்க."

ஐந்து நிமிடம் பரிசோதகர் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு சாயம் வெளுத்தது.

"எங்க அவ?"

"குளிக்கிறாங்க சார்."

"சரி." எழுந்துபோய் வாசல் கதவை இழுத்தார். "எங்க அவ?"

இருபது நிமிடத்தில் முப்பத்தொரு தடவை. அரைமணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். எனக்கு நாலாவதிலேயே பொறுமை போய்விட்டது.

தலையில் துண்டோடு அம்மாள் வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. பரிசோதகர் அவரிடம் ஓடினார். "அம்மா, என் சம்சாரத்தக் காணோம். நீங்க பாத்தீங்களா?"

"இப்ப வந்துடுவாங்க. உக்காருங்க," என்றார் அம்மாள், பழகிய குரலில்.

துணையை அடையாளம் தெரியாவிட்டால் படிவத்தில் எட்டு மதிப்பெண். அரைமணி எழுதிக் கூட்டினார். "இடம் கெடச்சிடும்மா."

"ரொம்ப நன்றிங்க" என்று சொன்ன அம்மாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். தேற்றியது பரிசோதகர்தான்.

"அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரரு வர்ற வரைக்கும் இங்கயே இருங்க."