சம்பளச் சீட்டில் ஓர் அம்மா

எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்குப் பணக்கஷ்டம் என்றால் நாமக்கல்லில் ஒருவரும் நம்புவதில்லை. ஆண்டறிக்கையில் வைப்புநிதி என்று பெரிய தொகை அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனையை வெச்சுக்கிட்டா கையேந்தறீங்க?" என்கிறார்கள். அங்கே கணக்குப் பார்ப்பவன் நான். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அந்தப் பணமெல்லாம் நிபந்தனையோடு வந்தது. அப்பா நினைவு நாளில் சோறு, தாத்தா பெயரில் கட்டடம். வட்டியை அதற்கு மட்டும் செலவழிக்கலாம், முதலைத் தொடக்கூடாது. எங்கள் மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் உண்டு. சம்பளத்துக்கென்று மட்டும் எந்தப் புண்ணியவானும் கொடுத்ததில்லை.

போன ஆடியில் டயாலிசிஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள். இரண்டு மாதமாக அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஈரோட்டில் வேலை கிடைத்துவிட்டதாம். "மாசம் முடியறவரைக்கும் பாக்கறனுங்க சார்" என்றாள். அவள் போனால் அந்த அறையைப் பூட்ட வேண்டியதுதான். இலவசமாக ரத்தம் சுத்தம் செய்துகொள்பவர்கள் தனியாரிடம் காசு கொடுத்துச் செய்துகொள்ளக்கூடியவர்களா? எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் இறந்துபோன தன் அம்மா பெயரில் பெரிய தொகை போட்டிருந்தார். வருஷத்துக்கொரு நாள் நோயாளிகளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. மிஞ்சுகிற வட்டி முதலோடு போய்ச் சேரும். அந்த மிச்சத்தைச் சம்பளத்துக்கு விடச் சொல்லிக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர்தான். மோர் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். கடைசியில்,

"அதெல்லாம் சரிங்க. சம்பளத்துக்குக் குடுத்தா எங்கம்மா பேரை எங்கீங்க எழுதறது?" என்றார்.

எரிச்சலில், "சம்பளச் சீட்டுல எழுதிரலாமுங்க" என்று சொல்லிவிட்டேன். கிண்டலாகச் சொன்னதுதான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பெரிய எழுத்துல போடுங்க" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பாக்கியோடு சேர்த்துச் சீட்டைக் கொடுத்தேன். மேலே அந்த அம்மாவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம் பேரு எங்கீங்க சார்?"

கீழே மூலையில் பொடியெழுத்தில் இருந்ததைக் காட்டினேன். மடித்து வைத்துக்கொண்டு மெஷின் அறைக்குத் திரும்பிப் போனாள். வெளியே நர்சுகள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் அதே சம்பளப் பாக்கி. இன்னும் யார் யாருடைய அம்மா இறந்திருக்கிறார்கள் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.